திருடர்களைப் பற்றி மூன்று வருடம் படிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். நன்றாகப் படிப்பவள். கல்லூரியில் குற்றவியல்தான் எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். துப்பறியும் தொடர்களை ராத்திரி பகலாகப் பார்த்ததன் விளைவோ என்று எனக்குச் சந்தேகம். திருடர்களையும் கொலைகாரர்களையும் பற்றி மூன்று வருடம் உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது? தண்டனையைக் கடுமையாக்கினால் குற்றம் தானாகக் குறைந்துவிடும், இதற்கு ஒரு படிப்பா? படித்து முடித்தால் போலீஸ் வேலைதானா? அதைவிட, எந்நேரமும் அந்த மாதிரி ஆட்களோடு பழகினால் பிள்ளையின் மனம் கெட்டுப் போகாதா? அனுபவப்பட்ட நீங்கள் சொல்லுங்கள். (ஒரு தந்தை)

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் கேள்விகளுக்கு நடுவே இரண்டு தீர்ப்புகளும் இருக்கின்றன. தண்டனை கடுமையானால் குற்றம் குறையும் என்பது ஒன்று. கெட்டவர்களோடு பழகினால் கெட்டுப் போவோம் என்பது இன்னொன்று. இரண்டையும் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் பாடத்தின் இரண்டு முக்கியமான அத்தியாயங்கள் அவை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 1764இல் மிலான் நகரத்தைச் சேர்ந்த செசாரே பெக்காரியா என்ற 26 வயது இளைஞர், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். முதலில் தன் பெயரைப் போடக்கூடப் பயந்து பெயரில்லாமல்தான் வெளியிட்டார். சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குவதும், சின்னத் திருட்டுக்குக்கூடத் தூக்கில் போடுவதும் ஐரோப்பாவில் சாதாரணமாக இருந்த காலம் அது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒருவனைத் தடுப்பது தண்டனையின் கொடூரம் அல்ல, மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயமும் தண்டனை தாமதமில்லாமல் வந்து சேர்வதும்தான். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன. யோசித்துப் பாருங்கள். பூட்டை உடைக்கப் போகிறவன், இதற்கு ஐந்து வருடமா ஏழு வருடமா என்று கணக்குப் போடுவதில்லை. பிடிபட மாட்டேன் என்று நினைப்பதால்தான் உடைக்கவே போகிறான். பிடிபடும் வாய்ப்பு நூற்றில் இரண்டு என்றால், அந்த இரண்டு பேருக்கு எவ்வளவு கடுமையான தண்டனை கொடுத்தாலும் மீதி 98 பேருக்கு அது ஒரு செய்தியாகக்கூடப் போய்ச் சேராது. (இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் சொல்வது.)

அதற்காகத் தண்டனையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தக் குற்றத்துக்கு, எந்த வயதினருக்கு, எவ்வளவு தண்டனை, அதனால் உண்மையில் என்ன மாறியது என்று அளந்து பார்க்காமல் பேசக்கூடாது என்கிறேன். அந்த அளக்கும் வேலைக்குத்தான் மூன்று வருடம். அதுவும் போதாது.

போலீஸ் வேலையா என்ற கேள்விக்குப் போகும் முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் குற்றவியல் நீதிமன்றம், குற்றவியல் வழக்கு என்றெல்லாம் சொல்கிறோம். அங்கே அந்தச் சொல் சட்டத்தைக் குறிக்கிறது. உங்கள் மகள் படிக்க நினைக்கும் குற்றவியல் வேறு. தொடர்களில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ரத்தத் துளியைப் பஞ்சில் ஒற்றி எடுக்கிறார்களே, அது தடய அறிவியல். அதுவும் வேறு. ஒரு கொலை நடந்தால், இது யாருடைய ரத்தம் என்று தடய அறிவியலாளர் கேட்பார். யார் செய்தது என்று காவல்துறை கேட்கும். நிரூபிக்க முடியுமா என்று வக்கீல் கேட்பார். எல்லோரும் போன பிறகு குற்றவியலாளர் வந்து நின்று, இந்த மாதிரிக் கொலைகள் ஏன் இந்தப் பகுதியில் மட்டும் கூடுகின்றன, பத்து வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தது, செத்தவர்கள் யார், அவர்களுக்கும் கொன்றவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்பார். பரபரப்பு இல்லாத கேள்விகள். உங்கள் மகளுக்குப் பிடித்தது அந்த ரத்தத் துளி என்றால், அவள் போக வேண்டிய இடம் வேதியியலும் உயிரியலும். இதை இப்போதே அவளோடு பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் ஏமாந்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

துறையின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது பெருமையான கதை மட்டும் அல்ல. ‘திருட்டு முழி’ என்று நாம் சொல்வோம் இல்லையா? அதையே விஞ்ஞானமாக்க முயன்றவர் ஒருவர் உண்டு. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறவிக் குற்றவாளி என்று ஒரு வகை உண்டு, பெரிய தாடை, நீண்ட கைகள், விசித்திரமான காதுகள் என்று உடம்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். உலகமே நம்பியது. இங்கிலாந்தில் சார்ல்ஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் 3000 கைதிகளின் அளவுகளை எடுத்து, சிறைக்கு வெளியே இருந்தவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு 1913இல் முடிவை வெளியிட்டார். அப்படி ஓர் உடல் வகை தென்படவே இல்லை. இடையில் 1885இல் ரஃபாயேலே கரோஃபலோ என்ற இத்தாலிய நீதிபதி தன் நூலுக்கு வைத்த தலைப்புத்தான் இந்தத் துறைக்கு இன்றைய பெயரைக் கொடுத்தது. லொம்ப்ரோசோவின் தவறை ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் யாரையும் விட்டுவைப்பதில்லை. இப்போது அதே வேலையைக் கணினியிடம் கொடுத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, ஆளில் இல்லை என்றால் எங்கே தேடுவது? சிகாகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மக்கே என்ற இருவர் இளம் குற்றவாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துக் குறித்தார்கள். ஒரு குடியேறிகள் கூட்டம் வந்து, வசதி வந்ததும் வேறு இடம் போய், அடுத்த நாட்டிலிருந்து வேறொரு கூட்டம் அதே வீடுகளுக்குக் குடிவந்த பிறகும், சில பகுதிகளில் குற்ற அளவு உயரத்திலேயே இருந்தது. மக்கள் மாறினாலும் இடத்தின் கணக்கு மாறவில்லை. ‘அந்த இனமே அப்படித்தான்’ என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தின் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டபோது, போலீஸை வரச்சொன்ன அழைப்புகளில் பாதி, நகரத்தின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்தது தெரிந்தது. ஒரு நகரத்தை மோசமான நகரம் என்கிறோமே, உண்மையில் சில தெருமுனைகள், சில கட்டிடங்கள், அவ்வளவுதான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், வீடு புகுந்து திருடியவர்களைச் சிறையில் சந்தித்துக் கேள்வித்தாள் நிரப்பும் வேலை கிடைத்தது. எந்த வகைப் பூட்டு உங்களைத் தடுக்கும் என்று ஒரு கேள்வி. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “பூட்டை யாரும்மா பார்க்கிறாங்க? வாசல்ல ரெண்டு நாள் பேப்பர் எடுக்காம கிடக்குதான்னுதான் பார்ப்போம்” என்றார். வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி என்று பிற்பாடு பல ஆய்வுகளிலும் படித்தேன். அதை எனக்கு முதலில் கற்பித்தவர் அவர்தான். 1979இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கோட்பாடாகவே எழுதியிருந்தார்கள்: செய்யத் துணிந்த ஒருவன், கைக்கு எட்டும் ஒரு பொருள், தடுக்க ஆளில்லாத நேரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் குற்றம். ஒன்றை எடுத்துவிட்டால் போதும். மேற்கு ஜெர்மனியில் 1980இல் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் அபராதம் என்று கொண்டுவந்தார்கள், விபத்துச் சாவுகளைக் குறைப்பதற்காக. அந்த ஆண்டு ஒன்றரை லட்சம் அளவில் இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986இல் சுமார் 54,000 ஆகிவிட்டது. திடீரென்று கண்ணில் பட்ட வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறவன் கையில் ஹெல்மெட் வைத்திருப்பானா? வெறுந்தலையோடு போனால் முதல் திருப்பத்திலேயே நிறுத்துவார்கள். தண்டனையைக் கூட்டாமலே திருட்டு குறைந்த கதை இது.

இப்போது உங்கள் இரண்டாவது தீர்ப்பு. சேர்க்கை சரியில்லை என்றால் பிள்ளை கெட்டுவிடும். எட்வின் சதர்லாண்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதைத்தான் தன் கோட்பாடாக வைத்தார். குற்றம் ரத்தத்தில் வருவதில்லை, நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார். எப்படிச் செய்வது என்பதை மட்டும் அல்ல, செய்தால் தப்பில்லை என்ற நியாயத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறோம். உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். ஆனால் அதே சதர்லாண்ட், இந்தப் பாடம் சேரியில் மட்டும் நடக்கிறது என்று யார் சொன்னது என்று கேட்டார். பெரிய கம்பெனிகளின் அறைகளிலும் இதே பாடம்தான் நடக்கிறது என்றார். ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்ற சொல்லை 1939இல் அவர்தான் மேடையில் வைத்தார். 70 பெரிய நிறுவனங்களின் சட்டமீறல்களைத் திரட்டி 1949இல் புத்தகமாக்கினார். அவதூறு வழக்குக்குப் பயந்து நிறுவனங்களின் பெயர்களை நீக்கித்தான் பதிப்பித்தார்கள். பெயர்களோடு அது முழுதாக வெளிவர 1983 வரை ஆனது. பிக்பாக்கெட்காரனின் பெயரும் படமும் மறுநாளே பேப்பரில் வந்துவிடுகிறது, கவனியுங்கள்.

ஆக, எதைக் குற்றம் என்கிறோம், யாரைக் குற்றவாளி என்கிறோம் என்பதும் பாடத்துக்குள் வந்துவிடுகிறது. போலீஸ் புத்தகத்தில் ஏறாத குற்றங்களும் வருகின்றன. அடி வாங்கியவர், ஏமாந்தவர் எல்லோருமா புகார் கொடுக்கிறார்கள்? அதனால்தான் 1970களிலிருந்து சில நாடுகளில் வீடு வீடாகப் போய், கடந்த ஓராண்டில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் கணக்கெடுப்புகள் தொடங்கின. பாதிக்கப்பட்டவரைப் பற்றிய படிப்பு தனிக் கிளையாக வளர்ந்ததும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதுவரை எல்லோருக்கும் செய்தவன் மீதுதான் கண்.

இனி, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த, என்னை மிகவும் சங்கடப்படுத்தும் ஒரு கதை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர், வழி தவறக்கூடிய சிறுவர்களுக்கு அன்பான ஒரு பெரியவரின் துணை கிடைத்தால் அவர்கள் நல்ல வழிக்கு வருவார்கள் என்று நம்பினார். யார்தான் நம்ப மாட்டார்கள்? 1939இல் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 650 சிறுவர்களோடு திட்டம் தொடங்கியது. வயது, குடும்பம், குணம் எல்லாம் ஒத்த இருவர் இருவராகச் சேர்த்து, காசைச் சுண்டிப் போட்டு, ஒருவனுக்குத் துணை, மற்றவனுக்கு இல்லை என்று பிரித்தார்கள். துணை கிடைத்தவனுக்கு ஆலோசகர் மாதம் இருமுறை வீட்டுக்கு வருவார். பாடம் சொல்லித் தருவார், மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்வார், கோடை முகாமுக்கு அனுப்புவார். இப்படிச் சராசரியாக ஐந்தரை ஆண்டுகள்.

சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை, இப்போது நடுத்தர வயது ஆண்கள், தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார். துணை கிடைத்தவர்களில் பெரும்பாலோர், அது எனக்கு ரொம்ப உதவியது என்று நன்றியோடு சொன்னார்கள். அப்புறம் அவர் பதிவேடுகளைப் புரட்டினார். குடிப்பழக்கம், மனநோய், சீக்கிரமே சாவு, மறுபடி குற்றம் செய்வது என்று பல கணக்குகளில், உதவி பெற்றவர்களே உதவி பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். 1978இல் அதை அப்படியே வெளியிட்டார். கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் போனவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று பின்னால் செய்த ஆய்வில் தெரிந்தது. வம்புக்காரப் பையன்கள் நாள்கணக்கில் ஒன்றாக இருந்து, ஒருவர் சேட்டைக்கு மற்றவர் கைதட்டியிருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். நீங்கள் சொன்ன சேர்க்கைதான் ஐயா. அதை ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் நல்லவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சங்கடம் என்றேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. சிறார் இல்லத்திலிருந்து வெளியே வந்த பையன்களை வாரம் ஒருநாள் ஒரே அறையில் கூட்டி நல்வழிப் பேச்சு நடத்தும் திட்டத்தை நானும் நடத்தியிருக்கிறேன். கூட்டம் முடிந்து நாங்கள் டீ குடிக்கப் போவோம். சின்னப் பையன்கள் பெரிய பையன்களோடு வெளியே போவார்கள். எங்கே போனார்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. மக்கார்டின் கட்டுரையை அதற்கு முன்பே பரீட்சைக்குப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்! ஓராண்டு கழித்துத்தான், சின்னவர்களில் சிலர் புது வழக்குகளில் யாரோடு சேர்ந்து மாட்டியிருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்து விழித்தேன். அதிலிருந்து, எந்தத் திட்டத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. இதனால் நான் பல கூட்டங்களில் வேண்டாத விருந்தாளி.

உங்கள் மகளின் மனத்துக்கு வருவோம். சேர்க்கை கெடுக்கும் என்றால் அவளையும் கெடுக்குமே என்பீர்கள். சதர்லாண்ட் சொன்ன நெருக்கம், அவர்களுடைய நியாயத்தை நம் நியாயமாக ஏற்றுக்கொள்ளும் நெருக்கம். நோட்டுப் புத்தகத்தோடு எதிரே உட்கார்ந்து கேட்பது அது அல்ல. இத்தனை வருடத்தில் கைதிகளால் கெட்டுப்போன ஒரு மாணவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் வேறோர் ஆபத்து உண்டு, அதை மறைக்க மாட்டேன். பாதிக்கப்பட்டவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டே சோர்ந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாகக் குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள். தூக்கம் கெடும், யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். நல்ல வேலையிடங்களில் இதைப் பேசித் தீர்க்க மூத்தவர்கள் இருப்பார்கள், வழக்குகளை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கலும் வரும். பேசிக்கொண்டிருக்கும் கைதி, போலீஸுக்குத் தெரியாத ஒரு குற்றத்தை நம்மிடம் சொல்லிவிடுவார். அப்போது யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்ததுமே, நீங்கள் சொல்வதில் எதை ரகசியமாக வைத்திருப்பேன், எதை வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் நான் வாய் மூடி இருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்து.

குற்றவாளி என்று ஒரு தனி இனம் இல்லை என்பதும் போகப் போகப் புரியும். 500 இளம் குற்றவாளிகளைப் பற்றி பாஸ்டனில் திரட்டிய பழைய கோப்புகள் ஹார்வர்ட் நூலகத்தின் அடித்தளத்தில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவற்றை எடுத்து, அந்தப் பையன்களின் வாழ்க்கையை 70 வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். நிலையான வேலை, நல்ல துணை, ராணுவம் என்று திருப்பம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி.

வேலை. ‘குற்றவியலாளர் தேவை’ என்று விளம்பரம் வருவது மிகவும் குறைவு, முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். படித்தவர்கள் வேறு பெயர்களில் வேலை பார்க்கிறார்கள். நன்னடத்தை அலுவலர், சிறையில் நலப்பணி, சிறார் இல்லங்கள், பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்புகள் ஒரு பக்கம். காவல்துறைகளுக்குக் குற்ற வரைபடம் போட்டுக் கொடுக்கும் பகுப்பாய்வாளர்கள் இன்னொரு பக்கம். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மோசடியைக் கண்டுபிடிக்க ஆள் எடுக்கின்றன. இணையக் குற்றம் வளர வளர அங்கே இடமும் கூடுகிறது. ஆராய்ச்சி, கற்பித்தல் உண்டு. வியன்னாவில் இருக்கும் ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகம் போன்ற இடங்களும் உண்டு, ஆனால் அங்கே போகப் பல ஆண்டு அனுபவம் வேண்டும். சீருடை போட விருப்பமிருந்தால் போடலாம், கட்டாயமில்லை. இளநிலைப் பட்டத்தோடு நின்றால் கதவுகள் குறைவு. புள்ளியியல், உளவியல், சட்டம், கணினி, இவற்றில் ஒன்றைக் கூடவே பிடித்துக்கொண்டால் கதவுகள் திறக்கும். என்னிடம் கேட்டால் புள்ளியியல் என்பேன். இந்தத் துறையில் அதற்குப் பயப்படுகிறவர்கள் அதிகம் என்பதாலேயே தெரிந்தவர்களுக்கு மதிப்பு.

சேர்வதற்கு முன் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கட்டும். ஆராய்ச்சி முறைகளும் களப்பணியும் இல்லாமல் வெறும் சட்டப் பிரிவுகளாக இருந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள். பொதுமக்களை அனுமதிக்கும் நீதிமன்றம் எதிலாவது ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள். அங்கே நடப்பதில் பெரும்பகுதி காத்திருப்பது, அடுத்தது ஒத்திவைப்பது.

அப்புறம் ஒரு சின்னப் பரீட்சை. ஒரு வாரம் தினமும் செய்தித்தாளில் வரும் குற்றச் செய்திகளை அவள் வகை பிரித்து எண்ணட்டும். கொலை எத்தனை, திருட்டு எத்தனை, மோசடி எத்தனை. பிறகு அரசு வெளியிடும் குற்றப் புள்ளிவிவரத்தை எடுத்து, அதே வகைகள் அங்கே என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பக்கத்தில் எழுதட்டும். இரண்டும் பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று அவள் உங்களோடு வாக்குவாதத்துக்கு வந்தால் விண்ணப்பத்தை வாங்கிவிடுங்கள். மூன்றாம் நாளே சலித்துப்போய்த் தொடர் பார்க்க உட்கார்ந்துவிட்டால், அவளைத் திட்ட வேண்டாம், தொடர்கள் நன்றாகத்தான் எடுக்கிறார்கள்.